அண்ணாமலை நகரும் நம் ஊர்களும்: ஒரு வரவு செலவுக் கணக்கு



மகளை சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரியில் சேர்த்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். "சார், அண்ணாமலை யுனிவர்சிட்டி கவர்மென்ட்டா, பிரைவேட்டா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க." ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: 2013 முதல் அது முழுக்க அரசு நிர்வாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகம். ஆனால் நம் பக்கத்து மக்களுக்கு இன்னும் இந்தக் குழப்பம் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் கிட்டத்தட்ட நூறு வருடக் கதை. வகுப்பில் 45 நிமிடத்தில் முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

வரலாற்றுப் பாடத்தில் நான் அடிக்கடி சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு கோயிலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கோபுரத்தை மட்டும் பார்க்காதே, கல்வெட்டைப் படி. யார் நிலம் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், யார் பொறுப்பு என்று அதில்தான் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கும் அதே முறைதான். பணம் எங்கிருந்து வந்தது, அதற்குப் பதிலாக யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் ஊரைப் பார்ப்போம். பல்கலைக்கழகம் வரும் முன்பே சிதம்பரம் கல்வி கேட்ட ஊர்தான். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கையில் பெரிய சொத்து எதுவும் இல்லாத துறவி அவர். வீடு வீடாக, ஊர் ஊராக உதவி கேட்டு நடத்திய பள்ளி அது. இன்றும் நந்தனார் பெயரில் பள்ளிகள் சிதம்பரத்தில் இருக்கின்றன. உங்களில் சிலருடைய தாத்தாக்கள் அங்கே படித்தவர்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1920-இல், செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். வங்கித் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த குடும்பம். கல்லூரியோடு நிற்காமல் தமிழுக்கு, வடமொழிக்கு, இசைக்கு என்று தனித்தனிக் கல்லூரிகள் வந்தன. மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தவர் யார் தெரியுமா? உ.வே.சாமிநாதையர்.

1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் உருவானது. தெலுங்கு பேசும் பகுதிக்கு ஒரு பல்கலைக்கழகம் வந்தபின் தமிழ்ப் பகுதிக்கும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அண்ணாமலைச் செட்டியார் தம் கல்லூரிகளையும் அவற்றின் சொத்துகளையும் கொடுத்து, கூடவே 20 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 20 லட்சம்! அரசும் தன் பங்குக்கு நிதி தந்தது. சென்னை மாகாண சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வரும் வரை, இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள்: ஒன்று சென்னையில், மற்றொன்று நம் சிதம்பரத்தில்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பின்னால் வருவதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான்.

முதலாவது, நிர்வாகம். சட்டம் அரசினுடையது, வேந்தர் ஆளுநர். ஆனால் நிறுவனர் குடும்பத்துக்குப் பரம்பரையாக இணைவேந்தர் பதவி. இணைவேந்தர் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் வேந்தர் துணைவேந்தரை நியமிக்க வேண்டும். அண்ணாமலைச் செட்டியாருக்குப் பின் அவர் மகன் முத்தையா செட்டியார், அவருக்குப் பின் எம்.ஏ.எம்.ராமசாமி என்று 84 ஆண்டுகள் இது நடந்தது. சட்டத்தால் அரசுப் பல்கலைக்கழகம், நடைமுறையில் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. என் மாணவரின் "கவர்மென்ட்டா, பிரைவேட்டா" என்ற கேள்வி 1929-லேயே பிறந்துவிட்டது.

இரண்டாவது, அது தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியபோது அது பாடம் நடத்தவில்லை. வெளிக் கல்லூரிகளுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. சிதம்பரத்தில் நேர்மாறு. ஆசிரியர், மாணவர், விடுதி, நூலகம் எல்லாம் ஒரே வளாகத்தில். வெளிக் கல்லூரி எதுவும் அதன் கீழ் இல்லை. இதனால் நல்லதும் நடந்தது. விபுலானந்த அடிகள், சோமசுந்தர பாரதியார், பண்டிதமணி கதிரேசச் செட்டியார், பிற்காலத்தில் தெ.பொ.மீ., தேவநேயப் பாவாணர் என்று ஒரே இடத்தில் அறிஞர்கள் கூடினார்கள். நாவலர் நெடுஞ்செழியன், பேராசிரியர் அன்பழகன் போன்றவர்கள் மாணவர்களாக அங்கே படித்தார்கள். தமிழிசை இயக்கத்துக்கு அந்த வளாகம் தாய்வீடு.

ஆனால் இதே அமைப்பால் வளாகத்துக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கோடும் விழுந்தது. சிதம்பரம் ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மேற்கே ஊரும் கோயிலும், கிழக்கே பல்கலைக்கழகம். கிழக்கே இருந்தது திருவேட்களம், தேவாரப் பாடல் பெற்ற பழைய ஊர். அந்தப் பக்கம் அண்ணாமலை நகர் ஆகித் தனிப் பேரூராட்சி ஆனது. மாரியப்பா நகர், முத்தையா நகர் எல்லாம் பல்கலைக்கழகத்தோடு வளர்ந்தவை. ஊரும் வளாகமும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் வாழ்ந்தன. மெஸ், லாட்ஜ், புத்தகக் கடை, ஜெராக்ஸ் கடை, ஆட்டோ, வாடகை வீடு எல்லாம் அந்த வளாகத்தால் ஓடியவை. சுற்றியிருந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த வளாகத்தில் எத்தனை இடம் என்ற கேள்வி மட்டும் பெரிதாக எழவில்லை.

அமெரிக்காவில் 1862-இல் மோரில் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மத்திய அரசு நிலம் கொடுத்தது. அதை விற்று வரும் பணத்தில் கல்லூரி நடத்தலாம். ஆனால் நிபந்தனை உண்டு: விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்க வேண்டும், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும். பணத்தோடு கடமையும் சட்டத்திலேயே எழுதப்பட்டது. நம் 1929 ஏற்பாட்டில் கொடுத்தவருக்கு என்ன உரிமை என்பது தெளிவாக இருந்தது. சுற்றியிருப்பவர்களுக்கு என்ன கடமை என்பது அப்படித் தெளிவாக இல்லை.

அதற்காகப் பல்கலைக்கழகம் ஊருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் கடல் உயிரியல் உயராய்வு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் தொடங்கிய அந்த வேலை உலகம் அறிந்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அடுத்த ஆண்டே அந்த மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 18 மீனவக் குப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்து, காடு முன்னால் இருந்த இடங்களிலும் மேடான இடங்களிலும் உயிர்ச்சேதம் குறைவு என்று எழுதினார்கள். அந்த முடிவை உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள், விவாதித்தார்கள். பக்கத்து ஊரின் துயரத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஊரைக் காக்கும் வழி சொல்வது. ஒரு பல்கலைக்கழகம் தன் அக்கம்பக்கத்துக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

இப்போது கணக்கின் இரண்டாம் பாகத்துக்கு வருவோம்.

1979-இல் தொலைதூரக் கல்வி வந்தது. நாம் "கரஸ்" என்போம். இதைப் பற்றிக் கேலியாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே நான் எம்.ஏ. முடித்தது அந்த வழியில்தான். உங்களில் எத்தனை பேர், முக்கியமாகக் கல்யாணத்துக்குப் பிறகு படித்த பெண்கள், அதனால்தான் பட்டதாரி ஆனீர்கள்! காண்டாக்ட் கிளாஸ் நாட்களில் சிதம்பரம் லாட்ஜுகளில் இடம் கிடைக்காது. லட்சக்கணக்கானவர்கள், தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்தும், சேர்ந்தார்கள்.

அந்தக் கட்டணம்தான் பல்கலைக்கழகத்தின் பெரிய வரவுகளில் ஒன்றானது. 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவும் கட்டணத்தில் ஓடியது. அரசு மானியம் ஒரு பக்கம் இருந்தாலும், வளாகம் நாளுக்கு நாள் கட்டணத்தை நம்பி வளர்ந்தது. வரவு பெருகியபோது வேலைகளும் பெருகின. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் வட்டாரங்களில் "யுனிவர்சிட்டி வேலை" என்றால் பெண் கொடுப்பார்கள். 2012 வாக்கில் ஆசிரியர்களும் மற்றவர்களுமாகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே சம்பளம் வாங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. நம் ஊர்கள் அந்தப் பல்கலைக்கழகத்திடம் வேலை கேட்டன, வியாபாரம் கேட்டன. படிப்பை அதே அளவுக்குக் கேட்கவில்லை. பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு அங்கே எந்தப் படிப்பு எந்தக் கட்டணத்தில் கிடைக்கும் என்று கேட்டவர்களைவிட, அங்கே ஒரு கிளார்க் வேலைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் அதிகம். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. நெய்வேலியும் கடலூர் சிப்காட்டும் தவிரப் பெரிய வேலைவாய்ப்பு இல்லாத மாவட்டம் இது. வறண்ட வருடத்தில் கடைமடைக் குடும்பம் மாதச் சம்பளத்தைத்தானே கேட்கும்?

வரவு குறைந்தபோது இந்தக் கணக்கு உடைந்தது. 2012 இறுதியில் நிதி நெருக்கடி வெளியே தெரிந்தது. சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு வந்ததும் போராட்டம் வெடித்தது. கடைவீதியே கவலைப்பட்டது நினைவிருக்கும். 2013 ஏப்ரலில் அரசு சிவ்தாஸ் மீனா ஐ.ஏ.எஸ். அவர்களை நிர்வாகியாக நியமித்தது. நிதி நிர்வாகச் சீர்கேடும் தேவைக்கு மிஞ்சிய பணியாளர்களும்தான் காரணம் என்று அரசு சொன்னது. அதே ஆண்டில் புதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. பரம்பரை இணைவேந்தர் முறை முடிந்தது. உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர் ஆனார். 1929-இல் கொடுக்கப்பட்ட உரிமை 2013-இல் எடுக்கப்பட்டது.

அதன்பின் என்ன நடந்தது என்று உங்கள் வீடுகளுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் "உபரி ஆசிரியர்", "பணிநிரவல்" என்று பயந்த வார்த்தைகள் பல்கலைக்கழகத்துக்கும் போயின. ஆயிரக்கணக்கானவர்கள் அயற்பணியாக மற்ற மாவட்டக் கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். கணவன் ஒரு ஊரில், மனைவி சிதம்பரத்தில், பிள்ளைகள் பாட்டி வீட்டில் என்று எத்தனையோ குடும்பங்கள். மாரியப்பா நகரில் "வீடு வாடகைக்கு" பலகைகள் தொங்கின. தொலைதூரக் கல்விக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவோடு அங்கீகாரச் சிக்கல் வந்தது. மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்ற விதியும் இறுகியது. பழைய வரவு திரும்பி வரவில்லை.

மருத்துவக் கல்லூரிக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2013-இல் பல்கலைக்கழகம் அரசுக்கு வந்துவிட்டது. ஆனால் மருத்துவக் கல்லூரிக் கட்டணம் அரசுக் கட்டணமாக மாறவில்லை. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிக்க அப்போது ஆண்டுக்கு 13,610 ரூபாய். இங்கே 5 லட்சத்துக்கும் மேல். பெயர்ப் பலகை அரசு, ரசீது தனியார். மாணவர்கள் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டு, 2020 டிசம்பரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலம். விடுதியை மூடிப் பார்த்தார்கள், பிள்ளைகள் போகவில்லை. ஐம்பது நாட்களுக்கு மேல் போராடினார்கள். 2021 ஜனவரி இறுதியில் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர் கல்லூரிகளை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. தொடர்ந்து கட்டணமும் அரசுக் கட்டணமாக ஆனது. கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்று நாம் இன்று சொல்வது அதைத்தான்.

அந்தப் பிள்ளைகள் கேட்டது வேலை அல்ல என்பதைக் கவனியுங்கள். அரசு நடத்தும் கல்லூரியில் அரசுக் கட்டணத்தில் படிப்பு. நம் ஊர்கள் பல காலம் அழுத்திக் கேட்காத கேள்வியை இருபது வயதுப் பிள்ளைகள் கேட்டார்கள், பதிலையும் வாங்கினார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்ததும் 2020-இல்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கடலூர் உறவினர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள், சரியான மறுப்பு. "மாவட்டத் தலைநகரம் கடலூர். மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில். அவசரம் என்றால் 45 கிலோமீட்டர் போக வேண்டுமா, பாண்டிச்சேரிக்கு ஓட வேண்டுமா?" சிதம்பரத்தில் இருந்ததைக் காப்பாற்றியதால் மாவட்டக் கணக்கில் ஒரு மருத்துவக் கல்லூரி என்று எழுதியாகிவிட்டது, கடலூர் நகரத்தின் தேவை அப்படியே நிற்கிறது. ஒரு ஊரின் வெற்றி பக்கத்து ஊரின் காத்திருப்பாகிவிடக் கூடாது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையை வலுப்படுத்தக் கேட்பது சிதம்பரத்துக்கு எதிரானது அல்ல.

கடைசிப் பாகம், என் மாணவரின் மகள் படிக்கும் கல்லூரி. சிதம்பரத்திலிருந்து வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் சில கிலோமீட்டரில் சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரி. கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி, விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி. நம் மாவட்டத்தின் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிப்பது இவற்றில்தான். இவற்றுக்குப் பட்டம் கொடுத்தது எது? 2002-க்குப் பின் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். சி.முட்லூர் மாணவிக்கு மதிப்பெண் சான்றிதழில் பெயர் தப்பாக வந்தால், பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி சேர்க்காட்டுக்குப் போக வேண்டும்! 1929-இல் போட்ட கோட்டின் நீளம் அது.

2021 தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு புதிய பல்கலைக்கழகம் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியபின் அதே ஆண்டு ஆகஸ்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. பெயர் அரசியலை இங்கே பேச வேண்டாம். சட்டமன்றத்தில் இரு தரப்பும் போதுமான அளவு பேசிவிட்டார்கள். நமக்கு முக்கியமானது வேறு. தங்கிப் படிப்பவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய பல்கலைக்கழகம், 92 ஆண்டுகள் கழித்து முதல் முறையாக விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகளுக்குப் பொறுப்பேற்றது. சி.முட்லூர் பிள்ளை அண்ணாமலைப் பட்டம் வாங்குகிறாள்.

சந்தோஷம்தான். ஆனால் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இணைப்புக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம். பணமுடையில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இது இன்னொரு வரவுக் கணக்காக மட்டும் தெரியும் ஆபத்து இருக்கிறது. தொலைதூரக் கல்வியில் நாம் பார்த்தது அதுதான். நோக்கம் நல்லது, வரவு நோக்கத்தை மிஞ்சியபோது சிக்கல் தொடங்கியது. இணைப்பு என்பது வினாத்தாள் அனுப்புவதோடு முடியக் கூடாது. அந்தப் பெரிய நூலகத்தில் சி.முட்லூர் மாணவிக்கும் இடம், ஆய்வகத்தில் விருத்தாசலம் மாணவனுக்கும் சில நாட்கள், பரங்கிப்பேட்டை மையத்தில் கடலூர் துறைமுகத்து மீனவர் பிள்ளைக்கு ஒரு படிப்பு, வேளாண் புலத்திலிருந்து வீராணம் பாசன விவசாயிக்கு ஆலோசனை. இவையெல்லாம் சேர்ந்தால்தான் அது இணைப்பு.

இன்று சம்பளம் கொடுக்க அரசு தரும் நிதி நம் வரிப்பணம். அரசும் தன் கடமையைக் கட்டணத்தின் தலையில் கட்டிவிட்டு நகர முடியாது. நிதியை முழுமையாகவும் நேரத்திலும் தர வேண்டும். ஓய்வு பெற்ற ஊழியர்கள் பணப்பலனுக்காகத் தெருவில் நிற்கும் நிலை எந்த நிறுவனத்துக்கும் அழகல்ல. நிதி கேட்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு இருப்பது போல, அந்த நிதிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கும் இருக்கிறது. நிறுவனர் 20 லட்சம் கொடுத்து ஒரு உரிமையைக் கேட்டு வாங்கினார். நந்தனார் பள்ளிக்குக் காலணா கொடுத்தவர்கள் தங்கள் பிள்ளைக்குப் படிப்புக் கேட்டார்கள். இன்று கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நாம். இரண்டாவது வகைக் கேள்வியைக் கேட்போம்.

உங்களில் பலர் இன்று ஊராட்சி உறுப்பினர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பணிபுரிபவர்கள். அடுத்த முறை வளாகத்தில் ஒரு அதிகாரியைச் சந்தித்தால் "வேலை ஏதாவது இருக்கிறதா" என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "எங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் இங்கே சேர்ந்தார்கள்?"

தகவலில் திருத்தம் இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். அண்ணாமலை நகரில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவும் ஆவணம்தான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்